கொம்பு முளைத்த மோசே

கே: ரோமில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசே தலையில் இரண்டு கொம்பு இருக்கிறதே, ஏன்? – வாசகர், தென்காசி

ப: மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளி வீசியது என்கிறது எபிரேய வேதம். அந்த வினைச்சொல்லும் 'கொம்பு' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்த பங்காளிகள். லத்தீனுக்குப் பெயர்த்த புனித ஜெரோம் கொம்பைப் பிடித்துக்கொண்டார். சுமார் 1,100 ஆண்டு கழித்துச் சிற்பி அதைப் பளிங்கில் நட்டார். "உமக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று மோசேயைக் கேட்டால், "மொழிபெயர்த்தவரைக் கேள்" என்பார்.

கே: யூதர்கள் புத்தாண்டில் ஊதுவதும் கொம்புதானே? எந்தக் கொம்பும் ஆகுமா? – வாசகி, காரைக்குடி

ப: ஷோஃபார் என்று பெயர். ஆட்டுக்கடாக் கொம்பு உத்தமம். மாட்டுக் கொம்பு மட்டும் கூடாது. அவர்கள் முன்னோர் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்ட பழைய கேஸ் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் புத்தாண்டு என்பது தீர்ப்பு நாளும்கூட. குற்றப்பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஜாமீன் கேட்கப் போவார்களா?

கே: யூத மதத்தில் உருவம் வரைவதே பாவம் என்கிறார்களே? – வாசகர், விருதுநகர்

ப: சிரியாவில் யூப்ரடீஸ் கரையோரம் துரா-யுரோபஸ் என்று ஓர் ஊர். அங்கே கி.பி. 244 வாக்கில் எழுந்த ஜெப ஆலயத்தின் சுவர் முழுக்க மோசே, தாவீது, எஸ்தர் என்று கூட்டமோ கூட்டம். பாரசீகப் படைக்குப் பயந்து மண்ணைக் கொட்டி மூடியதால் ஓவியம் பிழைத்தது. 1932இல் தோண்டி எடுத்தார்கள். கடவுளை மட்டும் வரையவில்லை. மேலிருந்து ஒரு கை நீளும், அவ்வளவுதான். ஆளைக் காட்டாமல் கைவரிசையைக் காட்டும் கலை!

கே: பிற்காலத்தில் கெடுபிடி கூடியதா? – அதே வாசகர், அதே கார்டில்

ப: 1300 வாக்கில் தெற்கு ஜெர்மனியில் எழுதிய பஸ்கா விழாச் சுவடி ஒன்றில் மனித உடம்புக்குப் பறவைத் தலை, தலையில் ஜம்மென்று தொப்பி. மனித முகத்தைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர், இல்லை என்று சிலர். அறிஞர்கள் இன்னும் கொத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கே: இஸ்லாமில் ஓவியமே கிடையாதா? – வாசகர், மேலப்பாளையம்

ப: பள்ளிவாசலில் கிடையாது. பாரசீகக் கதைப் புத்தகங்களைப் புரட்டினால் குதிரையும் அரசனும் காதலியும் பக்கத்துக்குப் பக்கம். தொழும் இடத்தில் உருவம் விட்டுப்போன காலி மனையில் எழுத்து குடியேறியது. ஜெருசலேமில் 691–92இல் எழுந்த பாறைக் குவிமாடத்துக்குள் வரிசையாக ஓடும் அரபு எழுத்தின் நீளம் ஏறத்தாழ 240 மீட்டர். 'இங்கே எழுதாதீர்' என்று போர்டு வைக்க அன்று ஆளில்லை, நல்லவேளை.

கே: இஸ்தான்புல் ஹாகியா சோபியா உண்மையில் யாருடையது? – வாசகர், சிவகாசி

ப: வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். 537இல் தேவாலயம், 1453இல் பள்ளிவாசல், 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மறுபடி பள்ளிவாசல். பட்டா இத்தனை முறை மாறியும் யாரும் இடிக்க மனம் வராத கட்டடம். குவிமாடம் 558இல் தானாக விழுந்தது. இன்னும் உயரமாகத் தூக்கிக் கட்டினார்கள். அதை அண்ணாந்து பார்த்தே ஆட்டோமான் கட்டடக்காரர்கள் தொழில் கற்றார்கள். மாமியார் வீட்டுச் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே பக்குவத்தைக் கற்றுக்கொள்வதில்லையா?

கே: எதிரே இருக்கும் நீல மசூதிக்கு ஏன் ஆறு மினார்? – வாசகி, நாகூர்

ப: சுல்தான் 'அல்தின்' (தங்கம்) என்றாராம், கட்டியவர் காதில் 'அல்தி' (ஆறு) என்று விழுந்ததாம். கதைதான், நம்ப வேண்டாம். ஆனால் காதின் மேல் பழி போடும் காண்ட்ராக்டர் எல்லா ஊரிலும் உண்டு.

கே: மினார் உச்சிக்குத் தினமும் ஐந்து வேளை ஏறினால் மோதினாருக்கு முட்டி தேயாதா? – வாசகர், கம்பம்

ப: ஸ்பெயினில் செவில் நகரத்து ஹிரால்டாவைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டு மினார். உள்ளே பெரும்பாலும் படி இல்லை, 35 சரிவுப் பாதைகள். குதிரையிலேயே மேலே போகலாம். பிறகு அது தேவாலயத்தின் மணிக்கூண்டானது. ஏறிப்போனது பாங்கு, இறங்கி வருவது மணியோசை. சரிவு அதேதான்.

கே: ஜெப ஆலயத்தில் வாத்தியம் ஏன் இல்லை? – வாசகி, கும்பகோணம்

ப: கி.பி. 70இல் ஜெருசலேம் ஆலயம் இடிந்த துக்கம் ஒன்று. ஓய்வுநாளில் நரம்பு அறுந்தால் மாட்டக் கை துறுதுறுக்கும், அது வேலையாகிவிடும் என்ற முன்ஜாக்கிரதை இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் ஆர்கனை உள்ளே கொண்டுவந்தார்கள். ஓய்வுநாளில் வாசிக்க வேற்று மதத்தாரை அமர்த்தியதும் உண்டு. விதிக்கு விரதம், காதுக்கு விருந்து.

கே: ஆர்கன் என்றாலே சர்ச் வாசனை. பிறந்ததும் அங்கேதானா? – வாசகர், தூத்துக்குடி

ப: பிறந்தது கிறிஸ்துவுக்கு முன், அலெக்சாந்திரியாவில், தண்ணீர் அழுத்தத்தில் ஊதிய கருவி. ரோமானியர் காலத்தில் மனிதர்கள் வெட்டிக்கொண்டு மடியும் வட்டரங்கில் பின்னணி இசை அதுதான். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோயிலுக்கு வந்த ஒரே வாத்தியம்.

கே: 'டோ ரே மி' யார் வைத்த பெயர்? – பாட்டு வாத்தியார், திருவையாறு

ப: 11ஆம் நூற்றாண்டுத் துறவி, அரெஸ்ஸோ ஊர் குய்தோ. யோவான் ஸ்நானகர் துதிப்பாடல் ஒன்றில் அடிக்கு அடி ஒரு சுரம் ஏறும். அடிகளின் முதல் அசையைக் கிள்ளி 'உத் ரே மி' என்றார். 'உத்' பிறகு 'டோ' ஆனது. அந்தப் பாட்டு வேண்டுவது என்ன தெரியுமா? குரல் தடையில்லாமல் வரவேண்டும் என்று. நீங்கள் மிளகுக் கஷாயம் குடிப்பீர்கள்.

கே: குர்ஆன் ஓதுவது இசையா? – வாசகர், ஆம்பூர்

ப: ஓதுகிறவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். தஜ்வீது என்பது உச்சரிப்புச் சட்டம். நெறி தவறினால் பொருளே புரண்டுவிடும். ஆனால் எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம், இமாம் ஒருவரின் மகள், சிறுவயதில் ஓதிப் பழகிய நாக்கோடுதான் அரபு உலகையே ரேடியோ முன் உட்காரவைத்தார். இசை இல்லை என்றுதான் சொல்வோம். இசைக்குத் தாய் இல்லை என்று சொல்ல மாட்டோம்.

கே: இசையமைப்பாளர் பாக் பக்திமான்தானே, ஏன் ஜெயிலுக்குப் போனார்? – பெயர் வேண்டாம், ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: வேலையை விடுகிறேன் என்று அடம்பிடித்ததற்காக. 1717இல் வைமார் பிரபு நான்கு வாரம் உள்ளே தள்ளிவிட்டுத்தான் அனுப்பினார். உங்கள் நோட்டீஸ் பீரியட் எவ்வளவோ தேவலை, தம்பி.

கே: நம் பக்கத்தில் இப்படி ஏதாவது? – வாசகர், ராமநாதபுரம்

ப: அருகிலேயே கீழக்கரை. பழைய பள்ளிவாசலுக்குள் நின்றால் கோயில் மண்டபம்தான் நினைவுக்கு வரும். கருங்கல் தூண் உண்டு, போதிகை உண்டு, யாளி மட்டும் ஆப்சென்ட்.

கே: மூன்று மதத்தில் யார் கலை அசல்? ஒரே வரியில் சொல்லவும். – வாசகர், வாணியம்பாடி

ப: ஸ்பெயினின் தொலேதோவில் சாந்தா மரியா லா பிளாங்கா: யூதர்களின் ஜெப ஆலயம், குதிரைலாட வளைவெல்லாம் இஸ்லாமிய பாணி, ஆண்டவன் கிறிஸ்தவ ராஜா, பிற்பாடு தேவாலயம். கடவுள் ஒருவரே என்று மூவரும் சொல்கிறார்கள். கொத்தனாரும் ஒருவரே என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு வரிக்கு மேல் போய்விட்டது, மொழிபெயர்த்தவரைக் கேளுங்கள்.