பைய ஓடு மக்கா

போன தையில நீ ஓட ஆரம்பிச்சப்பம் வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம் மக்கா. தொந்தி கொறையும், ராத்திரி போன நோண்டாம உறங்குவேன்னு உங்கம்மைக்கு ஒரு நப்பாசை. காலம்பற குளத்தங்கரையில ஒரு சுத்து. நல்ல காரியமாக்கும். அதோட விட்டியா?

மாசி பொறக்கதுக்குள்ள கையில ஒரு வாச்சு. மணி காட்டுகது அதுக்குச் சில்லறை வேலை. நெஞ்சு எம்பிடு அடிக்கி, ராத்திரி எம்பிடு நேரம் உறங்கின, இன்னைக்கு ஓட ஒடம்புல தெம்பு உண்டா, எல்லாம் அது சொல்லும். ஏம்லே, நல்லா உறங்குனியான்னு எந்திச்சதும் உனக்கே தெரியாதா? வாச்சக் கேட்டுத்தான் கொட்டாவி விடணுமா?

பொறவு ஸ்ட்ராவாவாம். ஓடின தடத்தப் படம்போட்டு ஊருக்குக் காட்டுக எடம். அந்தக் காலத்துல ஒருத்தன் ஓடினா, "யாருலே தொரத்துகா?"ன்னு கேப்போம். இப்பம் ஓடிட்டு வந்தவன், "பாத்தியளா, லைக் போட்டியளா"ன்னு நம்மளத் தொரத்துகான். கிலோமீட்டருக்கு ஏழு நிமிசமா இருந்தது ஆறரை ஆயிட்டு பாட்டான்னு குதிச்சுக்கிட்டு வந்து சொன்ன. அந்த அர நிமிசத்த மிச்சம் பிடிச்சு என்ன செஞ்ச? உக்காந்து போன நோண்டின.

அதுக்கப்புறம்தான் பந்தயம். சர்க்கார் ரோட்டுல ஓடுகதுக்கு நீ காசு கட்டின. பனியனும் மெடலும் குடுத்தாவ. 21 கிலோமீட்டராம், அதுவும் பாதிதானாம். முழு மாரத்தான் 42.195. அந்தச் சில்லறை 195 மீட்டரு எங்கேருந்து வந்துன்னு எப்பமாவது கேட்டியா? 1908-ல லண்டன் ஒலிம்பிக்ஸ். வின்ட்சர் அரமனையில தொடங்கி, ஸ்டேடியத்துல ராஜா குடும்பம் இருந்த எடத்துக்கு முன்னால முடியணும்னு இழுத்த அளவாக்கும் அது. 1921-ல அதையே உலகத்துக்கெல்லாம் சட்டமாக்கிட்டாவ. வெள்ளக்காரன் போயி எம்பிடு வருசம் ஆச்சு! நீ இன்னும் அந்த ராஜாவுக்கு வரி கட்டிட்டு இருக்கே, குதிங்காலால.

எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்கியா? பேத்தி பிசியோவுக்குப் படிக்கால்லா. லீவுக்கு வந்தா பாடம் ஒப்பிக்க அவளுக்கு நான்தான் கெடச்சேன். காது கேக்காதுன்னு அவளுக்கு நெனப்பு. கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

ஆடி வரைக்கும் உனக்கு ஒரு கொறையும் இல்ல. மூச்சு வாங்கல்ல, நெஞ்சு படபடக்கல்ல. பத்து கிலோமீட்டரு ஒண்ணுமே இல்லேன்ன. அங்கதான் வந்து வினை. மூச்சு கொஞ்ச வாரத்துலயே பழகிரும் மக்கா. கெண்டைக்காலையும் குதிங்காலையும் கட்டிப் பிடிச்சிருக்க நரம்பு இருக்குல்லா, பேத்தி டெண்டன்னு சொல்லுகா, அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி. அது தேற மாசக்கணக்காகும். எலும்பும் அப்பிடித்தான். பழசக் கொஞ்சம் இடிச்சிட்டுத்தான் புதுசக் கட்டும். இடிச்சு முடிச்சு கட்டுகதுக்கு முந்தி நீ போயி தொம் தொம்முன்னு மிதிச்சா என்ன ஆகும்? ஒரு நுகத்துல வெரசா போற காளையவும் பைய நடக்க காளையவும் பூட்டினா வண்டி எதுக்கு ஏத்தாப்ல போகணும்? ஏர் பிடிச்ச எவனக் கேட்டாலும் காசு வாங்காமச் சொல்லிருப்பான். நீ மாசச் சந்தா கட்டி ஆப்பக் கேட்ட.

கட்டில்ல இருந்து எறங்கி முதல் அடி வச்சதும் குதிங்காலுக்கு மேல சுரீர்னு பிடிச்சு இழுத்துல்லா? பத்தடி நடந்ததும் விட்டுட்டு. விட்டுட்டுன்னா சரியாப் போச்சுன்னு அர்த்தமா? வாச்சுல பச்சை எரியுகுன்னு மறுபடியும் போயி பதினஞ்சு கிலோமீட்டரு ஓடின. சொந்தக் காலு சொன்னா நம்ப மாட்டே. சீனாக்காரன் செஞ்ச வாச்சு சொன்னா நம்புவே.

அப்புறம் நடந்த கூத்த நான் சொல்லணுமா? காலுல நீலக் கலர்ல ஒரு நாடா ஒட்டின. தரையில ஒரு உருளையப் போட்டு அதுமேல உருண்ட. மசாஜ் கன்னு ஒண்ணு வாங்கின. அது கர்ருன்ன சத்தத்துல மிக்சிய யாரோ போட்டுட்டு மறந்துட்டாவன்னு உங்கம்மை அடுக்களைக்கு ஓடினா. அவ ஓடினதுதான் அந்த வாரம் இந்த வீட்டுல நடந்த ஒரே ஓட்டம்.

ஐஸ் வேற. ஐஸ் வையி, அசையாம இருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தது அமெரிக்காவுல கேப் மிர்க்கின்னு ஒரு டாக்டரு. 1978-ல புஸ்தகத்துல எழுதினாரு. எல்லாரும் வச்சாவ. 2014-ல அவரே, ஐஸும் அசையாமக் கெடக்கதும் காயம் ஆறுகத தாமசப்படுத்தலாம்னு மாத்திச் சொல்லிட்டாரு. மனுசன் யோக்கியன், ஒத்துக்கிட்டாரு. உன் பிரிட்ஜுக்குத்தான் இன்னும் சேதி வரல்ல.

சுவீடன்காரர் ஒருத்தரு கதை இதவிட ருசி. ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன், எலும்பு டாக்டரு. அவருக்கும் உன்னப்போல குதிங்கால் நரம்புல வலி. ஆபரேசன் பண்ணுங்கன்னு தன் மேலதிகாரிகிட்ட கேட்டாரு. அவரு மாட்டேன்னுட்டாரு. சரி, நரம்பு அறுந்தாப் பண்ணித்தானே ஆகணும்னு, வலிக்க வலிக்க அதுமேலயே பாரத்தப் போட்டு எறக்கினாரு. அறுக்கப் பாத்த நரம்பு தேறிட்டு! வீம்புக்கும் பலன் உண்டுன்னு அன்னைக்குத்தான் டாக்டர்மாருக்குத் தெரிஞ்சு. பொறவு நாள்பட்ட வலி உள்ள 15 ஓட்டக்காரங்களுக்கு அதையே செய்யச் சொல்லி 1998-ல எழுதினாரு. 12 வாரம். 15 பேரும் பழையபடி ஓடினாவ.

மருந்து என்னன்னு கேளு. வீட்டுப் படிக்கட்டு. படி விளிம்புல முன்னங்காலால நில்லு. குதிங்கால பைய கீழ எறக்கு. ஏறும்போது நல்ல கால ஊனி ஏறு. முட்ட நேரா வச்சு 15 தடவை, மூணு சுத்து. முட்ட மடக்கி அதேபோல. காலம்பறயும் சாயந்திரமும். கூட்டிப் பாத்தா நாளுக்கு 180. காசு கெடையாது, அதனாலதான் உனக்கு நம்பிக்கை வரல்ல. படிக்கட்டுக்கு விளம்பரம் போட எந்தக் கம்பெனி வரும்? ஒண்ணு மட்டும் கேட்டுக்க. எலும்புல ஒரே எடத்தத் தொட்டா உயிர் போகுகுன்னா அது வேற சமாசாரம். அதுக்குப் படியில நிக்காத, டாக்டருகிட்ட போயி படம் எடு.

ஷூவப் பத்தியும் சொல்லிருகேன். ஒரு பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்னால வெறுங்கால்தான் விசேசம்னு ஒரு கூட்டம் கெளம்பிச்சு. கேட்டா, 1960-ல ரோம் ஒலிம்பிக்ஸ்ல எத்தியோப்பியாக்காரன் அபேபே பிக்கிலா வெறுங்காலோட மாரத்தான் ஜெயிச்சான்லாம்பாவ. உள்ளதுதான். 1964-ல டோக்கியோவுல அவனே ஷூ போட்டுட்டு ஜெயிச்சத மட்டும் முழுங்கிருவாவ. அதுவும் குடல்வால் ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு மாசங்கூட ஆகாம. உடனே நாளைக்கே வெறுங்காலோட எறங்கிராத. அவன் அரமனைக் காவல் பட்டாளத்துக்காரன். நீ கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்து வளந்தவன். இப்பம் காத்து அடுத்த பக்கம் வீசுகு. ஷூவோட அடி கனமா இருந்தா வெரசா ஓடலாமாம். 40 மில்லிமீட்டருக்கு மேல போகாதீங்கன்னு 2020-ல சட்டமே போட வேண்டியதாப் போச்சு. 2023-ல அடிடாஸ்காரன் 500 டாலருக்கு ஒண்ணு கொண்டாந்தான். ஒரு மாரத்தானுக்குத்தான் தாங்கும்னு அவனே சொன்னான். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கூட மறுவீட்டுக்கு ஆகும் மக்கா!

நம்ம ஜில்லாக்காரனுக்கு ஓட்டம் என்ன புதுசா? சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் போறாவல்லா. முஞ்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் 12 கோயில், 100 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். காவி, கையில பனையோலை விசிறி, வாயில "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்குப் போறவன் வாயில பெருமாள் பேரு எதுக்கு? புருஷாமிருகம்னு ஒண்ணு வெரட்டினப்பம் பீமன் அப்பிடிக் கூப்பிட்டுட்டு ஓடினானாம். கையில இருந்த ருத்ராட்சத்துல ஒண்ணக் கீழ போட்டா அது லிங்கமாயிரும். மிருகம் நின்னு பூசை செய்யும். பீமன் அதுக்குள்ள மூச்சு விட்டுக்கிடுவான். பீமனுக்கே எடையில எடையில நிப்பு வேண்டியிருந்து, பாத்துக்க.

போறவன் மொதல்ல விரதம் இருந்து ஒடம்ப அடக்குகான். ஒவ்வொரு கோயில்லயும் குளிப்பான், தொழுவான், வழியில மோரோ பானகமோ குடுத்தா வாங்கிக் குடிப்பான், பொறவுதான் அடுத்த கோயில். இப்பம் பாதிப்பேரு பைக்குலயும் வேன்லயும் "ஓடுகான்", அது பெட்ரோலு ஓட்டம், அத விடு. காலால போனவன் மறுநாளு நொண்டுவான், உள்ளதச் சொல்லணும்லா. ஆனா நொண்டிட்டே அடுத்த ஞாயித்துக்கெழமை இன்னொரு ஓட்டத்துக்குப் பேரு குடுக்க மாட்டான். அவனுக்கு அடுத்த ஓட்டம் அடுத்த சிவராத்திரிக்குத்தான்.

ஓடாதேன்னு நான் சொல்லல்ல. பஞ்சாப்காரர் ஃபௌஜா சிங், 89 வயசுல, 2000-ல லண்டன்ல முதல் மாரத்தான் ஓடினாரு. 2011-ல டொரன்டோவுல ஓடும்போது 100 வயசும்பாவ. எட்டு மணி நேரத்துக்கு மேல எடுத்தாரு. எவனாவது அவருகிட்ட கிலோமீட்டருக்கு எம்பிடு நிமிசம்னு கேட்டானா? பிறப்புச் சர்ட்டிபிகேட்டு இல்லேன்னு கின்னஸ்காரன் மட்டும் சேக்கல்ல. எனக்கும் சர்ட்டிபிகேட்டு கெடையாது. அதனால நானும் ஓடல்ல.

நீ இப்பம் ரெண்டு நிமிசம் ஓடு, ரெண்டு நிமிசம் நட. மறுநாள் காலம்பற முதல் அடி எப்பிடி இருக்குன்னு பாரு. முந்தின நாளவிட மோசம்னா, ஓடினது கூடுதல். பாத்து கொறச்சுக்க. வாச்ச அலமாரியில வையி, அதுவும் கொஞ்சம் உறங்கட்டு.

அன்னா, அந்த ஆரஞ்சு ஷூ 500 கிலோமீட்டரு ஆனா மாத்தணும்னு சொன்னியே, ஆயிட்டா? குப்பையில போட்டிராத. என் காலுக்கு ஒரு விரக்கடை பெருசா இருக்கும். பரவால்ல, முன்னால துணி திணிச்சுக்கிடுகேன். தோப்புல தேங்கா பெறக்கப் போக கொள்ளாம்.