மரக்கூண்டில் கதவின் இடம்: டென்மார்க்கின் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டில் மரத்தால் பறவைக்கூண்டு செய்வது பற்றிப் பேசுவோர் பலகையில் தொடங்கி வார்னிஷில் முடித்துவிடுகிறார்கள். கதவுக்குக் கிடைப்பது ஒரே வரி: கீல் இரண்டு, கொளுக்கி ஒன்று. அறிவுலகம் இதை இத்தனை காலம் பொறுத்துக்கொண்டது வியப்பே. கதவு இல்லாவிட்டால் கூண்டு வெறும் சட்டம். கதவு மூடியே கிடந்தால் சிறை. ஆகவே ஒரு கூண்டின் தரத்தை அளக்க இழைப்பைத் தடவிப் பார்த்துப் பயனில்லை, கதவு எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். களம் டென்மார்க். அந்த நாட்டைத் தேர்ந்ததற்குப் பண்பாட்டுக் காரணங்கள் பல உண்டு. எங்கள் சித்தப்பா ஹேர்னிங்கில் குடியிருப்பது அவற்றுள் தலையாயது.

முதலில் இலக்கியச் சான்று. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838இல் வெளியிட்ட டெய்சிப் பூக் கதையில் ஒரு வானம்பாடி பிடிபட்டுக் கூண்டுக்குப் போகிறது. சிறுவர்கள் ஒரு புல்கரணையை வெட்டி, அதில் பூத்த பூவோடு உள்ளே வைக்கிறார்கள். தண்ணீர் வைக்க மறந்துபோகிறார்கள். பறவை செத்தபின் அழகான சிவப்புப் பெட்டியில் கிடத்தி ராஜ மரியாதையோடு புதைக்கிறார்கள். தச்சு நோக்கில் பார்த்தால், அந்தப் பறவைக்கு வாய்த்த இரண்டு பெட்டிகளில் லட்சணமானது இரண்டாவதுதான். இதே வானம்பாடி இனம் பிற்பாடு டென்மார்க்கின் தேசியப் பறவையாகி, 1984இல் அந்தப் பதவியை அன்னத்திடம் பறிகொடுத்தது. அன்னத்தைக் கூண்டில் அடைக்க யாரும் முனைவதில்லை. பலகைச் செலவு கட்டுப்படியாகாது.

1843இல் அதே ஆசிரியர் கதவு விஷயத்தில் சற்றே தாராளமாகிறார். சீனச் சக்கரவர்த்தியின் நைட்டிங்கேலுக்குப் பகலில் இரண்டு தடவை, இரவில் ஒரு தடவை வெளியே போக அனுமதி. கூடவே 12 சேவகர். ஒவ்வொருவர் கையிலும் பறவையின் காலில் கட்டிய பட்டு நாடா. கதவு திறந்தும் திறக்காத நிலைக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. டென்மார்க்கில் பாடும் நைட்டிங்கேலின் எடை சுமார் 25 கிராம். ஆளுக்கு இரண்டு கிராம் சொச்சம் வருகிறது. அரசு அலுவலகங்களின் ஆள்பலத்தை ஆராய்வோர் இக்கணக்கைத் தாராளமாக எடுத்தாளலாம்.

இனிக் களச் சான்று. சித்தப்பா நிலவறையில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பைன் சட்டங்களை அறுத்து, உருளைக்குச்சிகளைச் சுமார் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் இறக்கி, காதல் கிளிகளுக்கு மாளிகை கட்டினார். இடைவெளி அதற்குமேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும் என்பது நூல்வழக்கு. தலை மாட்டவில்லை. அலகு வேலை செய்தது. கிளியினத்துக்கு மரத்தைக் கொறிப்பது குணம். உட்காரும் கொம்புக்கு நேரே இருந்த நாலு குச்சிகளின் நடு, பென்சில் சீவியதுபோல ஒடுங்கிவிட்டது. கீழே விரித்த செய்தித்தாளில் மாவு மாதிரி மரத்தூள். சித்தியின் மதிப்புரை சுருக்கமானது: “நீங்கள் அறுத்தது காணாதெண்டு இப்ப அதுகளும் அறுக்குதுகள்.” குச்சிக்குப் பதில் துத்தநாகம் பூசிய கம்பிவலை போடலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது. பூச்சைக் கொறித்தால் கிளிக்கு நஞ்சு.

துத்தநாகம் இந்த ஆய்வில் மறுபடியும் தலைகாட்டுகிறது. வீபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கொர்னேலியஸ் மோர்டென்சன் 1890இல் பறவைக் கால்களுக்குத் துத்தநாக வளையம் மாட்டிப் பார்த்தார், பாரம் தாங்கவில்லை. (ஹான்ஸ் கிறிஸ்டியன் என்று பெயர் வைத்தாலே டேனியருக்குப் பறவைப் பித்து பிடிக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.) 1899இல் அலுமினியத்துக்கு மாறினார். நம் மைனாவின் ஒன்றுவிட்ட உறவான ஸ்டார்லிங், பொந்துகளில் கூடு கட்டுவது. அதற்காக மரப்பெட்டி மாட்டிவைப்பது டேனிய வழக்கம். மோர்டென்சன் அந்தப் பெட்டிக்குத் தானாக மூடிக்கொள்ளும் பொறிக் கதவு வைத்தார். பறவை உள்ளே போனதும் அடைபடும். ஆசிரியர் வந்து எடுத்து, எண்ணும் வீபோர்க் என்ற ஊர்ப்பெயரும் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார். அந்த ஆண்டு 165 ஸ்டார்லிங்குகள் இப்படி முகவரியோடு புறப்பட்டன. பறவைகளின் வலசையை அறிய உலகமே இன்று கையாளும் முறை இதிலிருந்து வளர்ந்தது. வானம்பாடியைச் சாகும்வரை வைத்திருந்த கூண்டு பறவையைப் பற்றிச் சொன்னது ஒன்றுமில்லை. ஒரு வளையம் மாட்டும் நேரம் மட்டும் மூடியிருந்த இந்தப் பெட்டியோ, பறவை போனபின்தான் பேச ஆரம்பித்தது.

பொறியையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது துளை. அதன் விட்டம் சாமானியமல்ல. நீலப் பட்டாணிக்குருவிக்கு 28 மில்லிமீட்டர், பெரிய பட்டாணிக்குருவிக்கு 32, ஸ்டார்லிங்குக்கு 45 முதல் 50. நாலே மில்லிமீட்டரில் ஒரு குடும்பம் உள்ளே, இன்னொன்று வெளியே. ஊரில் பட்டுப்போன தென்னையின் பொந்தில் கிளி குடியிருந்தபோது இந்த அளவையெல்லாம் மரங்கொத்தி பார்த்துக்கொண்டது.

டேனியருக்கு இந்தப் பெட்டி எவ்வளவு பழகிப்போனது என்றால், கோபன்ஹேகனில் அரச நாடகசாலைக்குப் பக்கத்தில் 1931இல் திறந்த புது அரங்குக்கே ஸ்டார்லிங் பெட்டி என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். அதன் நுழைவாயிலின் விட்டத்தை நான் அளக்கவில்லை.

கருதுகோளின் எல்லைநிலையை 1959இல் வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் வேடல் எட்டினார். அவர் பறவையையே ஓக் மரத்தில் கடைந்துவிட்டார். உருண்டைத் தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம். உடலைத் தலைகீழாக வைத்தால் ஆண் பெண்ணாகும். தீனி வேண்டாம், தண்ணீர் மறக்க வழியில்லை, கூண்டே தேவையில்லை. கதவு மூடியிருந்த நேரம் பூஜ்யம். இத்துடன் கருதுகோள் ஐயந்திரிபற நிறுவப்பட்டது என்று எழுதி முடிக்க இருந்தேன். ஆனால் சித்தி அப்படியொரு பறவையை வாங்கி, வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் கை வைப்பார்கள் என்று அலமாரிக் கதவு ஆண்டு முழுக்கப் பூட்டியே இருக்கிறது. சாவி எங்கே என்று சித்தப்பாவுக்கும் தெரியாது.