மூன்றாம் ஆண்டு நெய்தல்

பி.ஏ. தமிழ் சேரும்வரை நம் காசிமேட்டுத் தம்பி "இன்னிக்கு போட்டு எதுவும் வரல" என்று எழுதுவான், ஊருக்கே புரியும். அகத்திணை நடத்தி முடித்ததும் அதே சேதி 'நெய்தல் நிலத்து இரங்கல்' ஆகிவிட்டது. வளர்ச்சிதான், மறுப்பதற்கில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் மக்கால் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி கரையில் நின்று, இது திணை மயக்கமா, எண்ணெயைக் கருப்பொருளில் சேர்க்கலாமா என்று குறிப்பெடுத்தான். வலைக் கண்ணியில் பிசுபிசுத்து, எவ்வளவு தேய்த்தும் போகாத அந்தக் கறுப்பு, அவன் கவிதையில் 'காரிருள்' என்று ஒரே வரியில் சுத்தமாகிவிட்டது. அரசாங்கத்துக்குக்கூட வராத கெட்டிக்காரத்தனம்.

திருவொற்றியூரில் அடங்கிய பட்டினத்தாரும், அங்கே வடிவுடையம்மனைப் பாடிய வள்ளலாரும் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவர்கள் இல்லை. தம்பிக்கு அவர்கள் ஐந்து மதிப்பெண் வினா. பட்டினத்தார் கோயில் இருக்கும் கடற்கரைச் சாலையில் தினமும் போகிறான். வண்டியை நிறுத்தியதில்லை, அது பாடத்திட்டத்தில் இல்லை.

இப்போது தொகுப்பு வருகிறது. பேராசிரியர் அணிந்துரை, 64 பக்கம். விலை 200 ரூபாய் என்றதும் மீன் விற்கிற ஆயா கேட்டாள்:

"கிலோவாடா?"