கையுறை போடாதேயுங்கோ

எங்கள் பங்கிலிருந்து 14 பேர் டொமினிக்கன் குடியரசுக்கு மிஷன் போகிறோம். ஒஷாவாவில் இதைச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சிரிக்கிறார்கள்: "ஓ, பீச்சுக்கோ?" பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சுவர் கட்டிப் பெயின்ற் அடிக்கப் போகிறோம் என்று விளக்கினால், "சரி சரி, சன்ஸ்கிரீன் மறக்காதேயுங்கோ" என்கிறார்கள். மனைவி மட்டும் பீச்சை நினைக்கவில்லை. "எங்கட பேஸ்மென்ட் சுவரும் மூண்டு வருஷமாப் பெயின்றுக்குக் காத்திருக்கு. அதுக்கு ஒரு மிஷனும் வராதோ?" என்றாள்.

ஆயத்தம் ஊசியில் தொடங்கியது. சின்ன வயதில் தைபொயிட்டுக்குத் தடுப்பூசி போட்டீர்களா என்று தாதி கேட்டா. ஊசி போடவில்லை, நெருப்புக்காய்ச்சலே வந்தது என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. செங்கமாரிக்கு ஊசி, நெருப்புக்காய்ச்சலுக்கு இன்னொரு ஊசி, மலேரியாவுக்குக் குளிசை. நுளம்புக்கடியிலேயே வளர்ந்த நான், நுளம்புக்குப் பயப்படக் காசு கட்டிவிட்டு வந்தேன். பிறகு பொலிஸ் சான்றிதழ். குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதித் தருகிற கடதாசிதான், ஆனாலும் பொலிஸ் என்ற சொல்லுக்கு எங்கள் வயிறு இன்னும் கலங்குகிறது.

ஸ்பானிஷ் வகுப்பில்தான் கொஞ்சம் மானம் மிஞ்சியது. அந்த மொழியில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்று அழுத்தினால் நாய். வெள்ளைக்காரர் எல்லாரும் ஆனாலையும் நாயையும் குழப்பிக்கொண்டிருக்க, சின்ன ரவும் பெரிய றவும் படித்த நாங்கள் ஒரே தடவையில் சொல்லிவிட்டோம்.

கடைசிக் கூட்டம் சாமான் பற்றியது. பிரான்சிஸ் சவேரியாரை ஃபாதர் உதாரணம் காட்டினார். 1541இல் லிஸ்பனில் கப்பலேறி, 1542இல் கோவாவில் இறங்கியவர். 13 மாதப் பயணம். அரசன் சாமான் தரச் சொல்லியும், சில புத்தகங்களும் கேப் முனைக் குளிருக்கு ஒரு தடித்த அங்கியும் மட்டும் வாங்கினாராம். எங்களுக்கு நாலு மணித்தியாலப் பறப்பு, ஆளுக்கு 23 கிலோ. "அப்ப மிளகாய்த்தூளுக்கு என்ன செய்தவர்?" என்று பின்வரிசை அக்கா ஒருத்தி கேட்டா. ஃபாதரிடம் பதில் இல்லை.

ஸ்காபரோ என்றால் நமக்குக் கொத்துரொட்டியும் நகைக்கடையும். அந்தப் பெயரைத் தாங்கிய ஸ்காபரோ மிஷன் சபை 1943இலேயே டொமினிக்கனுக்குக் குருமாரை அனுப்பியது என்பது எனக்கு இந்தக் கூட்டத்தில்தான் தெரியும். அதற்கும் முன்னால், 1847இல், அமலமரித் தியாகிகள் இலங்கைக்கு வந்தார்கள். மிஷன் வந்துகொண்டிருந்த பக்கத்தில் நின்ற நாங்கள் இப்போது போகிற பக்கத்தில் நிற்கிறோம்.

வந்த பக்கத்தில் நின்றபோது எனக்குக் கிடைத்த பங்கு இது. 1995 ஒக்டோபர் 30இல் சண்டைக்குப் பயந்து வலிகாமம் விட்டு நடந்து, தென்மராட்சியில் ஒரு கோயிலில் படுத்திருந்தோம். சில நாளில் வெளிநாட்டு மூட்டைகள் பிரித்தார்கள். பால்மாவும் சவர்க்காரமும் முன்வரிசையோடு முடிந்துவிட, எனக்கு முழங்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டு. அம்மா அதை மடித்துத் தம்பிக்குத் தலையணையாக்கினா. கோட்டுப் பையில் ஒற்றைக் கையுறை ஒன்று இருந்தது. விரல் பிரியாத, சிவப்புக் கையுறை. என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா கனகாலம் அதில் சில்லறை போட்டு வைத்திருந்தா.

போன ஞாயிறு எங்கள் கோயிலில் சேர்ந்த சாமானை நான்தான் பிரித்தேன். 11 சோடி கையுறை. பனிச்சறுக்குக் காற்சட்டை இரண்டு. ஐஸ் ஸ்கேற் ஒரு சோடி. கரிபியன் கடலுக்கு.

வரும் சனிக்கிழமை பெட்டி கட்டுகிறோம். கோயில் வாசலில் நீலப் பெட்டி வைத்திருக்கிறோம். கொப்பி, பென்சில், சவர்க்காரம், பற்பசை எதையும் போடுங்கோ. கையுறை போடாதேயுங்கோ, சோடியாக இருந்தாலும்.