கீறல் விழாத கிட்டார்

கூடத்துச் சுவரில் தொங்கும் எலெக்ட்ரிக் கிட்டாரே, இன்று உன்னைப் பாடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இல்லாததைச் சொல்லிப் புகழ்வது எனக்குப் பழக்கமில்லை. உன்னிடம் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உன் அழகு. கடையில் மற்ற கிட்டார்கள் வெறுங்கையோடு தொங்கிக்கொண்டிருக்க, நீ மட்டும் சீர்வரிசையோடு வந்தாய். ஒரே பெட்டிக்குள் ஆம்ப், கேபிள், பை, தோள்வார், நாலு பிக், மாற்றுக் கம்பி ஒரு செட். பத்தாயிரம் ரூபாய்க்குள் இத்தனையும். நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கறுப்பு, மேலே கண்ணாடி போல வார்னிஷ். அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். பெட்டியைத் திறந்ததும் வீடே கூடிவிட்டது. அன்று எடுத்த படங்களில் உன்னைவிடப் பளிச்சென்று இருப்பவர் யாருமில்லை.

அடுத்து, நீ அவளுக்குக் கொடுத்த காது. தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும், அதற்கடுத்தது 110 ஹெர்ட்ஸில். போனில் ட்யூனர் செயலியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முறுக்கி ஆறாவது கம்பிக்கு வருவாள். அதற்குள் முதலாவது இறங்கியிருக்கும். உன் முறுக்காணிகளின் பல்சக்கரத்தில் அத்தனை தளர்வு. போதாததற்கு, உடம்பில் கம்பிகள் வந்து அமரும் அந்த ஆடும் பிரிட்ஜ். 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கொண்டுவந்த ஏற்பாடு அது. முன்னால் கம்பிகள் இழுக்க, பின்னால் சுருள்வில்கள் இழுக்க, நடுவில் பிரிட்ஜ் தராசு முள் போல நிற்கும். நல்ல வேலைப்பாடு இருந்தால் அருமையான சாதனம். உன்னிடம் ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடிக்கும் வேலை அவளுக்கு இருபது நிமிடம் ஆனது. ஆனால் காது தீட்டப்பட்டது. மின்விசிறி இரைச்சலுக்கு நடுவிலும் சுருதி விலகுவதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். அது நீ தந்ததுதான்.

விரலுக்கு உரம் ஏற்றியதும் நீதான். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உன் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதில் சரிபாதியில் இருப்பது பன்னிரண்டாவது ஃபிரெட், கழுத்துக்குக் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் ஒன்று. அந்த இடத்தில் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கற்றுக்கொள்பவருக்குச் சுகம். உன்னிடம் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைத்தேன். எதிலும் உரசாமல் மறுபக்கம் வந்தன. அத்தனை உயரத்திலிருந்து அவள் தினமும் கம்பியை அழுத்தினாள். விரல் நுனிகள் காய்த்துப்போயின. அழுத்த அழுத்தக் கம்பி இழுபட்டு சுருதி மேலே ஏறும். எனவே சரியாக அழுத்திய கார்டும் பிசகாகவே ஒலிக்கும். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஜாக்கிரதையும் உன்னிடம் கற்றதே. மரம் காய்ந்தால் சுருங்கும், உலோகம் சுருங்காது. கழுத்துப் பலகை சுருங்கியதும் ஃபிரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டன. தொழிற்சாலையில் அவற்றை அரத்தால் தேய்த்து மழுக்குவார்கள். உனக்கு யாரும் அதைச் செய்யவில்லை. அவள் ஆள்காட்டி விரலின் அடியில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகளை ஒருநாள் பார்த்தேன். கையை மெதுவாக நகர்த்தப் பழகிவிட்டதாகச் சொன்னாள்.

துணைக்கும் உன்னைப் போல ஆள் கிடையாது. அவள் வாசிப்பை நிறுத்தினாலும் நீ ஓயமாட்டாய். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி, அதுதான் பிக்கப். ஒரே சுருள் என்றால் கம்பியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த ரீங்காரத்தை அடக்கினார். ஒற்றைச் சுருளிலும் உள்ளே தடுப்புத் தகடு ஒட்டி எர்த்தை ஒழுங்காக இணைத்தால் இரைச்சல் வெகுவாகக் குறையும். உன் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது தகடும் இல்லை, எர்த் கம்பி பற்றவைத்த இடமும் விட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குழந்தைக்கு நீ அடக்கத்தைக் கற்றுக்கொடுத்தாய். எட்டாவது மாதம். எஃப் கார்டு. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து முதல் ஃபிரெட்டில் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். நான்கு கம்பிகள் ஊமையாகவே இருந்தன. கிட்டாரை மடியில் சாய்த்துவிட்டுக் கையை விரித்துப் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, எனக்கு விரல் சின்னது. இது எனக்கு வராது."

நீ மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் உன்னையும் அவளையும் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கூட்டிப்போனேன். அவர் உன் முதல் ஃபிரெட்டில், நட்டுக்குப் பதிலாகக் கம்பிகளைப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி, அடுத்த ஃபிரெட்டில் அதே கார்டைப் பிடிக்கச் சொன்னார். ஐந்து கம்பிகள் பேசின. "பாப்பா, விரல்ல ஒரு குறையும் இல்ல. நட்டுதான் ஒசரம்" என்றார். பிறகு பட்டறை மேசையில் கிடந்த தன் கிட்டாரை எடுத்து நீட்டினார். பெயிண்ட் உரிந்தது, முழங்கை படும் இடத்தில் மரம் தெரிந்தது. அவள் எஃப் பிடித்தாள். ஆறு கம்பியும் மணி மாதிரி ஒலித்தன. அவள் கிட்டாரைப் பார்க்கவில்லை. தன் விரலைத்தான் பார்த்தாள்.

உன்னைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். நட்டைத் தேய்க்கலாம், கம்பியை இறக்கலாம். இறக்கினால் நடு ஃபிரெட்டுகளில் கரகரக்கும், ஏனென்றால் அவை ஒரே மட்டத்தில் இல்லை. மட்டம் செய்து, முறுக்காணிகளையும் மாற்றினால் செலவு உன் விலையைத் தொட்டுவிடும் என்றார். விலை குறைவு என்பது உன் குற்றமில்லை. 1950-களில் டான்எலெக்ட்ரோ நிறுவனம் மர நார்ப் பலகையில் உடம்பு செய்தது, லிப்ஸ்டிக் குழலைப் பிக்கப்புக்கு உறையாக்கியது. மலிவுதான். அப்படிப்பட்ட ஒன்றைப் பின்னாளில் ஜிம்மி பேஜ் மேடையில் வாசித்தார். அவர்கள் உடம்பில் மிச்சம் பிடித்தார்கள். உன்னைச் செய்தவர்கள் விரல் படும் இடத்தில் மிச்சம் பிடித்து, கண் படும் இடத்தில் செலவழித்தார்கள்.

உன்னால் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன், வேறொரு பிள்ளைக்கு உதவும். பெட்டியோடு வரும் சீர்வரிசையைப் பார்க்காமல் கிட்டாரை மட்டும் பார்க்க வேண்டும். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் கீறக் கூடாது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் இரண்டு நாணயம் நுழையக் கூடாது. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மீட்டிப் பார்க்க வேண்டும். கம்பியை நாலைந்து முறை வளைத்து இழுத்த பிறகும் சுருதி நிற்க வேண்டும். முதல் கிட்டாருக்கு அசையாத பிரிட்ஜே போதும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். பணத்தில் ஒரு பங்கை, கிட்டாரைக் கைக்குத் தக்கபடி அமைக்கும் செட்டப்புக்கு ஒதுக்க வேண்டும். ஆம்ப் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். ஃபெண்டரின் ஸ்குவயர், கிப்சனின் எபிஃபோன், யமஹாவின் பசிஃபிகா என்று பெரிய நிறுவனங்களே எளிய விலையில் செய்கின்றன. அவற்றில் நன்றாகப் புழங்கிய பழையது ஒன்று, கண்ணைப் பறிக்கும் புதியதைவிடப் பிள்ளைக்கு நல்லது.

அப்படித்தான் உன் விலைக்கே ஒரு பழைய பசிஃபிகா வந்தது. ஒரு மூலை அடிபட்டிருந்தது. பழுதுபார்ப்பவர் ஒரு மாலை உட்கார்ந்து அதை அவள் கைக்குத் தக்கபடி அமைத்துக் கொடுத்தார்.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துப் புகழ்கிறார். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. அவரைத் தூதனுப்பிய அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அந்தப் பாட்டைப் பள்ளியில் படித்தபோது வீரத்தைப் பற்றியது என்று நினைத்தேன். கிட்டார் பட்டறையிலிருந்து திரும்பிய அன்று அது கருவியைப் பற்றியதும்தான் என்று புரிந்தது.

இரண்டு வருடமாகிறது. அவள் கிட்டாரில் கம்பி எத்தனை முறை மாற்றியிருக்கிறாள் என்று கணக்கில்லை. முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பி தேய்த்துப் பள்ளம் விழுந்திருக்கிறது, அடுத்த மாதம் பட்டறைக்குப் போக வேண்டும். எஃப் கார்டைப் பேசிக்கொண்டே பிடிக்கிறாள்.

உன்னை வெள்ளிக்கிழமைதோறும் நான் துடைத்து வைக்கிறேன். அன்று வந்தது போலவே இருக்கிறாய். உன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.