மைக்கு இருக்கவன் பேசுதான், மட்டை இருக்கவனுக்கு என்னடே?

ஏல பேராண்டி, கிரிக்கெட் டீம் ஒண்ணுக்கு ஃபேஸ்புக்குலயும் எக்ஸ்லயும் எழுதிப் போடுத சோலி கிடைச்சிருக்கு, சம்பளமும் பாதகமில்ல, சந்தோசம். டிவியில உக்காந்திருக்கவரு உங்க டீமை நாலு வார்த்தை ஏசிட்டாரு, உங்க மேனேஜர் கொதிச்சுப் போயி "சுடச்சுட ஒரு பதில் எழுது"ன்னுட்டாரு. எழுதலாமா வேண்டாமான்னு பல்லு போன கிழவன்கிட்ட வந்து கேக்க. கேக்கணும்னு தோணிச்சு பாரு, அதுவரைக்கும் நல்லது.

எழுதுடே. தாராளமா எழுது. நான் யாரு தடுக்க? அந்த டிவிக்காரன் நிலைமையையும் செத்த நினைச்சுப் பாக்கணும்லா. மழை வந்து ஆட்டம் நின்னுபோனா ராத்திரி பூரா எதைக் காட்டுவான்? பழைய மேட்சையே எத்தனை தரம் போடுவான், பாவம். உன் பதில் வந்துச்சுன்னா அவனுக்கு மூணு நாள் சோறு. மொத நாள் அவரு பேசினது. ரெண்டாம் நாள் நீ சொன்ன பதிலு. மூணாம் நாள் உன் பதிலுக்கு அவரு சொன்ன பதிலு. நடுவுல சிமெண்டு வெளம்பரம், பனியன் வெளம்பரம். உனக்கு இதுல நயா பைசா வராது. தர்மம் பண்ணுதவன் கணக்குப் பாக்கக் கூடாது, விடு.

வாய்க்கு வந்ததைச் சொல்லுதேன்னு நினைக்காத. 2024 ஐபிஎல்ல நடந்ததை எடுத்துக்கோ. ஐதராபாத்துல கோலி 43 பந்துல 51 எடுத்தாரு. ஸ்ட்ரைக் ரேட்டு 118 சொச்சம். இருபது ஓவர் ஆட்டத்துல இது என்ன நடைன்னு கவாஸ்கர் டிவியில குறை சொன்னாரு. மூணு நாள் கழிச்சு அகமதாபாத்துல கோலி 44 பந்துல 70, நாட் அவுட்டு. அந்தப் பக்கம் வில் ஜாக்ஸ் 41 பந்துல 100. எதிராளி வச்ச 200ஐத் தாண்ட 16 ஓவர்தான் ஆச்சு. அத்தோட வீட்டுக்குப் போயிருக்கலாம்லா? மைக்கை நீட்டினதும், பெட்டிக்குள்ள உக்காந்து ஸ்ட்ரைக் ரேட்டு பேசுதது வேற, களத்துல நிக்கது வேறங்குத மாதிரி ஒரு போடு போட்டாரு. பேரு சொல்லல. ஊருக்குத் தெரியாதாக்கும்!

இப்பந்தான் சுவாரசியம். அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் போட்டது யாரு? கவாஸ்கரை உக்கார வச்சிருக்க அதே ஸ்டார் ஸ்போர்ட்ஸு. மனுசனுக்குக் கோவம் வந்துட்டு. வெளிச்சத்தம் எங்க காதுலயே விழாதுன்னு சொல்லுதிய, விழாத சத்தத்துக்கு எதுக்கு இம்புட்டுப் பதிலுன்னு கேட்டாரு. கூடவே, உங்க வர்ணனையாளரையே மட்டம் தட்டுத பேச்சை எத்தனை தரம்டா போடுவீகன்னு சேனலையும் ஒரு பிடி பிடிச்சாரு. சேனல்காரன் வெக்கப்பட்டானா? அதையும் சேத்துல்லா காட்டினான்! கோலி பேசினதும் அவன் சரக்கு, கவாஸ்கர் ஏசினதும் அவன் சரக்கு. கல்லாப்பெட்டி யாருதுன்னு உனக்குச் சொல்லணுமா?

இன்னொண்ணும் சொல்லுதேன், வெளிய சொல்லிராத. கவாஸ்கர் 10,122 டெஸ்ட் ரன்னு எடுத்தவரு, அவரைக் குறை சொன்னா நாக்கு அழுகிரும். இருந்தாலும் 1975 உலகக் கோப்பை மொத மேட்சுன்னு ஒண்ணு இருக்கு. லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து 334 அடிச்சுட்டு. நம்ம ஆளு தொடக்கத்துல எறங்கி, 60 ஓவரும் நின்னு, 174 பந்துல 36 எடுத்துட்டு அவுட்டே ஆகாம திரும்பி வந்தாரு. ஸ்ட்ரைக் ரேட்டு 20 சொச்சம். 202 ரன்னுல தோத்தோம். கோலி டீமு இதை எடுத்துப் போட்டு நக்கலடிச்சிருந்தா அசிங்கமா இருந்திருக்கும். டீமுக்கு அந்தச் சிரமமே வேண்டாம்டே, ரசிகப் பயலுவ எதுக்கு இருக்கானுவ? இந்த மாதிரி பழைய கணக்கைத் தோண்டி எடுக்கதுக்குன்னே ராத்திரி முழிச்சிருக்கானுவ. அவனுவளுக்குச் சம்பளமும் கிடையாது, மேனேஜரும் கிடையாது.

நம்மூரு பொங்கல் கபடி ஞாபகம் இருக்கா? மைக் செட்டுக்காரனே வர்ணனையும் பண்ணுவான். ஒரு வருசம் பாடி வந்த பயலைப் பாத்து, "தம்பி வீட்டுல நேத்து உலை வைக்கல போலிருக்கு, மூச்சே பத்தல"ன்னுட்டான். கூட்டம் கெக்கலி கொட்டிச்சு. பயலுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. பாட்டை விட்டுட்டு நேரா மைக்கைப் பாத்து நடந்தான். என்னல சொன்னன்னு கேக்கதுக்கு ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு வெளிய வச்சான் பாரு, நடுவரு விசிலடிச்சுட்டாரு. அவுட்டு. எதிராளி ஒருத்தன் விரல் படலடே, பாயிண்டு சும்மா போச்சு. மைக் செட்டுக்காரன் அதையும் சேத்து வர்ணனை பண்ணினான்.

நீ ஜடேஜா கதையை எடுப்பன்னு தெரியும். 2019 உலகக் கோப்பையில சஞ்சய் மஞ்ச்ரேக்கர் அவனைத் துண்டு துக்காணி ஆட்டக்காரன்னு சொன்னாரு. ஜடேஜா ட்விட்டர்ல, உன்னை மாதிரி ரெண்டு பங்கு மேட்சு ஆடியாச்சு, இன்னும் ஆடிக்கிட்டு இருக்கேன்னு காரமா வச்சான். அதுல ஒரு வார்த்தையை உன் ஆச்சி காதுல போட முடியாது. ஒரு வாரத்துல மான்செஸ்டர்ல நியூசிலாந்தோட அரையிறுதி. நமக்கு வேண்டியது 240. 5 ரன்னுக்கு 3 விக்கெட்டு, 92க்கு 6. அங்கன வந்து நின்னு 59 பந்துல 77 எடுத்தான். அதுக்கு முந்தி பந்து போட்டு ஒரு விக்கெட்டு, எறிஞ்சு டெய்லரை ரன் அவுட்டு, கேட்ச்சு வேற. 18 ரன்னுல தோத்தாச்சு, அது வேற விசயம். மஞ்ச்ரேக்கரே, பய என்னைத் துண்டு துண்டாக் கிழிச்சுட்டான்னு வாய்விட்டுச் சொன்னாரு.

இதுல நீ கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பேசினது ஒரு ஆளு, பட்டது ஒரு ஆளு. பட்டவன் தன் பேருல, தன் ரோசத்துல திருப்பிக் குடுத்தான். ரத்தம் சூடா இருக்க பய, குடுத்துட்டுப் போறான். டீமோட பேருல, முத்திரை குத்தி, வழக்கமா ஸ்கோரு போடுத எடத்துல கண்டன அறிக்கை வந்துச்சா? வரல. அதனாலதான் அது கதையா நின்னுச்சு. 2022 ஆகஸ்டுல துபாய்ல பாகிஸ்தானை ஜெயிச்ச ராத்திரி, மைக்கோட வந்தவரு அதே மஞ்ச்ரேக்கர். "என்கூடப் பேசுததுல உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"ன்னு மொதல்லயே கேட்டாரு. ஜடேஜா சிரிச்சுக்கிட்டே பேசிட்டுப் போனான். ரெண்டு ஆம்பளைங்க சண்டை, மூணு வருசத்துல ஆறிப்போச்சு.

ஆறாதது எது தெரியுமா? பெரிய கை நடுவுல வாரது. 2020 மார்ச்சுல கிரிக்கெட் வாரியத்தோட வர்ணனைக் குழுவுல மஞ்ச்ரேக்கர் பேரு இல்ல. என் வேலை வாரியத்துக்குப் பிடிக்கல போலன்னு அவரே சொல்லிக்கிட்டாரு. அதுக்கு முந்தி 2016ல, பெங்களூருல வங்காளதேசத்தை ஒரு ரன்னுல ஜெயிச்சோமே, அன்னைக்கு அமிதாப் பச்சன், நம்ம வர்ணனையாளர் நம்ம பயலுவளைப் பத்தி இன்னும் கொஞ்சம் பேசினா என்னன்னு எழுதினாரு. தோனி அதை எடுத்துப் போட்டு, சேத்துச் சொல்ல ஒண்ணுமில்லன்னு முடிச்சுட்டாரு. சில நாள்ல ஐபிஎல் தொடங்குது, ஹர்ஷா போக்ளேயைக் காணல. ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டு ஊரே பேசிச்சு. எனக்கு யாரும் காரணம் சொல்லலன்னாரு போக்ளே. 2013ல இயான் சேப்பல் இன்னும் வெவரம்: டீமு தேர்வு, டிஆர்எஸ், வாரிய நிர்வாகம் இதையெல்லாம் வர்ணனையில பேசக் கூடாதுன்னு கேள்விப்பட்டதும், அப்படின்னா நான் வரலன்னுட்டாரு. பதில் சொல்லுதது ஒரு குணம், வாயைத் தைக்கது வேற குணம். உங்க மேனேஜருக்கு மொதல்ல வாரது ரெண்டாவதுக்குப் போற வழிதான். இன்னைக்கு அறிக்கை, நாளைக்கு ஃபோனு, நாளான்னைக்கு "அந்தாளு நம்ம மேட்சுக்கு வேண்டாம்".

நம்ம அஸ்வின் பயலைப் பாரு, அவன் சூதானக்காரன். 2021ல இதே மஞ்ச்ரேக்கர், அஸ்வினை எக்காலத்துக்குமான பெரிய ஆளுன்னு ஒத்துக்கிட முடியாதுன்னாரு. 400 விக்கெட்டு தாண்டின பய என்ன செஞ்சான்? "அந்நியன்" படத்துல அம்பி சாரிகிட்ட மனசு வலிக்குன்னு புலம்புத எடம் இருக்குல்லா, அதைப் போட்டு விட்டுட்டுப் போயிட்டான். மும்பைக்காரரு அதுக்கு அர்த்தம் தேடி யாரைப் பிடிச்சாரோ! ஊரு சிரிச்சுச்சு, சண்டை முடிஞ்சுச்சு.

அதே அஸ்வினுக்கு 2025ல திருகல் வேற பக்கத்துல இருந்து வந்துச்சு. பய அப்ப சென்னை டீமுல ஆடினான், அவன் யூடியூப்புல உக்காந்து ஒருத்தரு, அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கும்போது நூர் அகமது எதுக்குன்னு கேட்டாரு. சேப்பாக்கத்துல டெல்லிகிட்ட தோத்த அன்னைக்கு கோச்சு ஃப்ளெமிங்கிட்ட நிருபருங்க அதைத் தூக்கிப் போட்டாங்க. அவனுக்குச் சேனல் இருக்கதே எனக்குத் தெரியாது, அதையெல்லாம் நான் பாக்கதில்லன்னாரு மனுசன். தெரியாதா, தெரிஞ்சுக்கிட விருப்பமில்லையா, அதை அவரு மனசாட்சிதான் சொல்லணும். மிச்ச சீசன் பூரா சென்னை மேட்சைப் பத்திப் பேச மாட்டோம்னு சேனலே அறிவிச்சுட்டு. கடைசியில பாத்தா, வேண்டாம்னு சொன்ன நூரு 24 விக்கெட்டு. டீமு பத்தாவது எடம், அதுக்கு ஃப்ளெமிங் பதில் சொல்லித்தான் ஆகணும். யூடியூப்புக்கு இல்ல.

இதுக்கு எதிர்ப்பக்கம் கம்பீர். இந்திய டீமு கோச்சா வாரதுக்கு முந்தி அவரும் அந்தப் பெட்டிக்குள்ள உக்காந்து நல்லாத்தான் விளாசினாரு. 2024ல ரிக்கி பாண்டிங், கோலி சமீபத்துல அடிச்ச டெஸ்ட் சதம் எத்தனைன்னு எண்ணிக் காட்டினப்போ, பாண்டிங்குக்கும் இந்திய கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம், அவரு ஆஸ்திரேலியாவைப் பாக்கட்டும்னு வெட்டினாரு. சரி, அப்புறம் ஆஸ்திரேலியாவுல கோலி 5 டெஸ்டுல எடுத்தது 190. அதுல 100 பெர்த்துல ஒரே இன்னிங்ஸ்ல. மிச்சத்தைக் கழிச்சுப் பாத்துக்கோ. 2025 அக்டோபர்ல நம்ம சென்னை ஸ்ரீகாந்த், ஹர்ஷித் ராணாவை எந்தத் தகுதியில எடுக்கியன்னு யூடியூப்புல கேட்டாரு. யூடியூப் ஓடணும்னு 23 வயசுப் பயலைக் குறி வைக்கது வெக்கக்கேடு, ஏசணும்னா என்னை ஏசுங்கன்னாரு கம்பீர். இதுல எனக்கு அவரு மேல கோவம் வரலடே, சின்னப் பயலுக்கு முன்னால போயி நிக்கது பெரியவன் செய்ய வேண்டியதுதான். யூடியூப் ஓடுததைப் பத்தி மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். அன்னைக்கு அந்தச் சேனலைத் தேடிப் பிடிச்சுப் பாத்தவன்ல நானும் ஒருத்தன். பதினோரு நாள் கழிச்சு சிட்னியில ராணா 39 ரன்னு குடுத்து 4 விக்கெட்டு எடுத்தான். கோச்சு பேசாம இருந்திருந்தாலும் அந்த 4 வந்திருக்கும்.

பெட்டிக்குள்ள இருக்கவனைப் பகைச்சா இன்னொரு தொந்தரவும் இருக்கு. அந்தக் கதவு ரெண்டு பக்கமும் திறக்கும். ரவி சாஸ்திரி வர்ணனையில இருந்து கோச்சாப் போயி, மறுபடி வர்ணனைக்கே வந்தாரு. தினேஷ் கார்த்திக் வர்ணனை பண்ணிட்டுத் திரும்ப வந்து உலகக் கோப்பை ஆடினான், பொறவு பெங்களூருக்குக் கோச்சானான், 2025ல கோப்பையும் வந்துச்சு. இன்னைக்கு நீ கண்டிச்சு எழுதுத ஆளு அடுத்த சீசன் உங்க டீமுக்கே கோச்சா வந்து, "அந்தப் பதிலை எழுதின தம்பி யாரு?"ன்னு கேட்டாரு வையி, மேனேஜரு உன்னைத்தான் கை காட்டுவாரு.

மெல்போர்ன்ல பண்ட் கோமாளித்தனமா ஒரு ஷாட்டு ஆடி அவுட்டானதும் கவாஸ்கர் "முட்டாள்தனம்"னு மூணு தரம் சொன்னாரு. அது 2024 டிசம்பரு. அடுத்த ஜூன்ல லீட்ஸ்ல அவன் சதம் அடிச்சதும் அதே வாயி "அபாரம்"னு மூணு தரம் சொல்லிச்சு. ஒரே டெஸ்டுல ரெண்டு சதம், 134ம் 118ம். இதுக்கு நடுவுல ஒரு அறிக்கை இருந்திருந்தா என்னத்துக்கு ஆகும்?

அப்ப வாயே திறக்கக் கூடாதான்னு கேக்காத. 2025 ஐபிஎல்ல ஆர்ச்சர் 4 ஓவர்ல 76 குடுத்தான். அதுவரைக்கும் ஐபிஎல்ல யாரும் அவ்வளவு குடுத்ததில்ல. அதைச் சொல்லி ஏசு, அது கணக்கு. அன்னைக்கு இந்தி வர்ணனையில அவன் நிறத்தை வச்சு ஒரு கேலி வந்துச்சு பாரு, அந்த மாதிரி எடத்துல டீமு சும்மா இருந்தாத்தான் தப்பு. நிறம், சாதி, வீட்டுப் பொம்பளைங்க, காசு வாங்கி ஆடினாங்குத பழி, இல்ல காயம் பட்ட பயலை நடிக்கான்னு சொல்லுதது: இதுக்கெல்லாம் ஒரே ஒரு தரம், நாலு வரியில, உண்மையை மட்டும் எழுது. அடைமொழி வேண்டாம். மத்தபடி மட்டை சரியில்ல, பந்து சரியில்ல, டீமு தேர்வு சரியில்லன்னு சொன்னா, அதைச் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம் குடுக்கான்.

மேனேஜருகிட்டப் போயி, எழுதிக்கிட்டு இருக்கேன் சார்னு சொல்லு. அடுத்த மேட்சு வரைக்கும் எழுதிக்கிட்டே இரு. அதுக்கு மேலயும் கை அரிச்சா, எழுதி எனக்கு வாட்ஸப்புல அனுப்பு. நான் படிச்சுக்கிடுதேன்.