எல்லைப்புறக் குடும்பங்களின் ஒருநாள் உல்லாசப் பயணம்: நாள் குறித்தல் பற்றிய ஒரு மறுவாசிப்பு

இயல் ஒன்று: ஆய்வுக் களம்

ஓசூரை ஒட்டி, தமிழக-கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகச் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பம் ஒரே நாளில், ஒரே வண்டியில், ஒரே இடத்துக்குப் போய் வர இயலுமா? இந்த முக்கியமான கேள்வியை இதுவரை எந்தக் கருத்தரங்கும் தொட்டதில்லை. ஓசூர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை நாம் ஆராயப் போவதில்லை. அதை ஆராய்ந்தே ஓய்வூதியம் வரை வந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பில் நாம் ஏன் மண்ணள்ளிப் போடவேண்டும்?

ஆய்வேடு என்றால் முதல் இயலிலேயே ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தாக வேண்டும் என்பது நெறியாளர்கள் வகுத்த விதி. எங்கள் உறவில் பிரெஞ்சுக்காரர் யாரும் இல்லாததால் பெரிய மாமாவை வைத்துச் சமாளித்திருக்கிறோம். புரியாமல் பேசுவதில் அவர் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

இயல் இரண்டு: முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி நூல் சித்தப்பாவுடையது ('ஞாயித்துக்கிழமை எல்லாரும் போலாம்', குடும்ப வாட்ஸாப் குழு). அதன் முதல் மறுப்பு அத்தையுடையது ('எந்த ஞாயிறு?', மேற்படி குழு, மேற்படி இரவு). பின்வந்த அறிஞர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதோடு நின்றுவிட்டனர். பல்கலைக்கழகங்களில் இதற்கு 'இலக்கிய மீளாய்வு' என்று பெயர்.

இயல் மூன்று: ரயில்

எந்தத் திட்டம் போட்டாலும் போய்ச் சேரும் கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து குறும்பாதை ரயில் வந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயர் காலத்திலேயே அதை மூடிவிட்டார்கள். இயல் முற்றிற்று.

இயல் நான்கு: நாள்

ஞாயிறு விடுமுறை நாள் என்றொரு நம்பிக்கை நாட்டில் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரில் அது ஆட்டம் கண்டுவிட்டது. பெரியண்ணனுக்கு வீக் ஆஃப் செவ்வாய். தம்பிக்கு இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி. மாப்பிள்ளைக்கு ஞாயிறு லீவுதான், ஆனால் சனி ராத்திரி சி ஷிப்ட். சி ஷிப்ட் விடுவது காலை 6 மணிக்கு. வண்டி கிளம்பும் என்று சொல்லப்படுவதும் காலை 6 மணிக்கு. ஆகவே அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே டெம்போ டிராவலரில் ஏறுகிறார். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் காலி டிபன் பாக்ஸ். ஜன்னலில் சாய்ந்தவர் சூளகிரியில் திடுக்கிட்டு விழித்து, 'எந்த கேட்டு இது?' என்று கேட்டதாகப் பதிவு உள்ளது (அத்தை, நடு இருக்கை, புளியோதரைத் தூக்கைக் காலிடுக்கில் பிடித்தபடி அளித்த வாக்குமூலம், மகள் இதை வன்மையாக மறுக்கிறாள்).

ஞாயிறு தோற்றதால் பண்டிகை நாட்களுக்கு வருவோம். பொங்கலென்றால் இந்தப் பக்கம் மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று லீவு நீண்டுகொண்டே போகும். அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் சின்னண்ணன் சங்கராந்தி முடிந்த மறுநாளே கார்டு பஞ்ச் பண்ணவேண்டும். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம். அன்று அவர் மட்டும் ஓய்வாக வந்து, வேலைக்குப் போகும் எங்களை வாசலில் நின்று வழியனுப்புவார்.

எனவே மூல ஆவணங்களைப் பார்க்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலை விடுமுறைகளுக்காகத் தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கர்நாடகத்தில் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இரண்டும் கைகோத்துக் கட்டாய விடுமுறை என்று சொல்லும் நாட்கள் நான்குதான்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. காவிரியில் ஒத்துப்போகாத இரண்டு மாநிலங்கள் நான்கு நாட்களிலாவது ஒத்துப்போகின்றன என்று நெகிழ்ந்திருந்த வேளையில்தான் பெரிய மாமா குறுக்கிட்டார்.

அந்த நான்கு நாளும் டாஸ்மாக் லீவு.

இதை எந்தச் சட்ட அறிஞரும் கண்டுபிடித்ததில்லை. மாமா கண்டுபிடித்தார், அதுவும் புத்தகத்தைத் திறக்காமலே. 'அன்னிக்குப் பார்த்து எனக்குக் காட்டுல வேலை இருக்கு' என்பது அவரது முடிபு (பெரிய மாமா, திண்ணை, துண்டை உதறித் தோளில் போடும் தருணம், ஒப்புநோக்குக: அதே மாமா, அதே துண்டு, சென்ற காந்தி ஜெயந்தி). மாமாவின் காடு கொல்லை விற்றுப் பல வருடமாகிறது. ஆனால் மூலத்தைச் சரிபார்ப்பது நமது ஆய்வு மரபில் இல்லை.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டும் வேறொரு வகையிலும் அடிபடுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க் கொடியேற்றி மிட்டாய் வாங்கிவர வேண்டும். காந்தி ஜெயந்தியை மாமாவின் துண்டு ஏற்கெனவே உதறிவிட்டது. மிச்சம் மே 1. அன்று அத்திப்பள்ளியில் கடை திறந்திருக்கும் என்பது மாமாவின் கருதுகோள். அதனால் ஓசூரிலிருந்து தென்கிழக்கே இருக்கும் கிருஷ்ணகிரிக்குப் போக, முதலில் வடமேற்கே அத்திப்பள்ளி வரை போய்த் திரும்ப வேண்டும் என்றொரு வழித்தடத்தை முன்வைத்தார். 'அங்கே ஏடிஎம்ல ஒரு வேலை' (பெரிய மாமா, முன்னிருக்கை, டிரைவரின் காதருகே, கேட்டவர்: டிரைவர், கேட்டவரிடம் கேட்டவர்: சித்தி, சித்தியின் கூற்று மூன்று பாடபேதங்களுடன் கிடைக்கிறது, அவற்றில் 'ஏடிஎம்' என்பது இடைச்செருகல் என்பார் மாமி). 

ஒப்பந்தத் தொழிலாளியான கடைசித் தம்பிக்கோ மே 1 உழைப்பாளர் தினம். ஆகவே அவன் வேலைக்குப் போகிறான்.

இயல் ஐந்து: இடம்

தொரப்பள்ளி. 1878-இல் ராஜாஜி பிறந்த ஊர், ஓசூர் பக்கத்திலேயே இருக்கிறது. போகலாம் என்று சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். 1937-இல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கை அமல்படுத்திய இடம் சேலம் மாவட்டம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அதில்தான் இருந்தன. மாமா வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

மல்லச்சந்திரம். பெருங்கற்காலக் கற்திட்டைகள். அறிஞர்கள் டேப் வைத்து அளந்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் கேட்டது, பாத்ரூம் எங்கே என்று.

ஒகேனக்கல். தூரம்.

எஞ்சியது கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை. யார் எந்தத் திட்டம் போட்டாலும் இங்கேதான் வந்து முடியும். அணைக்கு முன்னால் பொரிக்கிற மீன் அதற்குக் காரணமாகலாம். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் சாக்கடையை வாங்கிக்கொண்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளி, கடைசியில் கே.ஆர்.பி. அணைக்கு வருகிறது. குழு ஆரம்பிக்காமல், நாள் பார்க்காமல், யாரையும் கலக்காமல் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து சேருவது இந்த வட்டாரத்தில் அந்த நுரைத் தண்ணீர் ஒன்றுதான். அதைப் பற்றி அறிக்கை எழுதியவர்கள் ஏராளம். நுரை குறைந்ததாகத் தெரியவில்லை.

இயல் ஆறு: கிளம்பும் நேரம்

டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கைக்கடிகாரங்கள் ஓசூரில் செய்யப்படுகின்றன. ஊருக்கெல்லாம் மணி காட்டும் இவ்வூரில், காலை 6 மணி என்று சொல்லிவிட்டு 6 மணிக்கே கிளம்பிய குடும்பம் ஒன்றேனும் இருப்பதாகச் சான்றில்லை.

இயல் ஏழு: வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளர் பாட்டி. ஆய்வேட்டை அவர் படிக்கவில்லை; புறத்தேர்வாளர்கள் படிப்பதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'ஆயுத பூஜைக்கு ரெண்டு பக்கமும் லீவுதானே? அன்னிக்கு மாப்பிள்ளை கம்பெனியில குடும்பத்தோட உள்ள விடுவாங்களே, அங்கே போனா என்ன?'

இரண்டு மாநிலச் சட்டங்களையும் குடைந்த ஆய்வாளருக்கு இது தோன்றவில்லை. மெஷினுக்குச் சந்தனம், வாழைக்கன்று, ஆளுக்கொரு பொரி கடலைப் பொட்டலம், ஒரு ஸ்வீட் பாக்ஸ். டோல் கிடையாது. தான் இரவெல்லாம் நின்று வேலை பார்க்கும் மெஷினைத் தன் பிள்ளைக்குக் காட்டியபடி மாப்பிள்ளையும் அன்றைக்கு விழித்திருப்பார். டாஸ்மாக் நிலவரத்தை மாமா அங்கேயே செல்போனில் விசாரித்தார். அக்டோபர் 2-ஆம் தேதியில் வந்து விழாத வரை தமக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத்துமூலம் தெரிவித்தார் (பெரிய மாமா, மளிகைச் சீட்டின் பின்புறம், பென்சில், முன்புறத்தில் துவரம் பருப்பு ஒரு கிலோ, புளி அரைக் கிலோ, கையொப்பம் மாமியுடையது).